பெண்ணுக்குக் கல்விக் கடன் வாங்கினால் வரன் தட்டிப் போகுமா?

பெரம்பூர்வாசி:
பொறியியல் கலந்தாய்வு வந்தாலே பெண் பிள்ளை இருக்கிற வீடுகள்ல இந்தப் பேச்சு எழும். நேராவே சொல்றேன், பெண்ணோட பேர்ல கடன் வேண்டாம். 22 வயசுல படிப்பு முடியும், 25க்குள்ள வரன் பார்ப்போம். அப்போ தவணை பாக்கி இருந்தா நல்ல இடம் கை நழுவும். கைக்கு அடங்குற படிப்பைப் படிக்க வைக்கறதுதான் பெத்தவங்க பொறுப்பு.

தரமணி கணக்கர்:
சார், ஒதுக்கறதுக்கு முன்னாடி கணக்கைப் பாருங்க. வருஷ ஆரம்பத்துல 1.5 லட்சம் வீதம் 4 வருஷத்துக்கு 6 லட்சம், வட்டி 10%னு வைங்க. தவணை படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் கழிச்சுத்தான் தொடங்கும். ஆனா வட்டி, பணம் கல்லூரிக்குப் போன நாள்லேர்ந்தே ஏறும். 5 வருஷத்துல தனிவட்டி மட்டும் 2.1 லட்சம். மொத்தம் 8.1 லட்சத்தை 10 வருஷத்துல அடைக்க மாசம் சுமார் 10,700. தவணை தொடங்கற வரைக்கும் வட்டியை அப்பப்போ கட்டிட்டு வந்தா (முதல் வருஷம் மாசம் 1,250, நாலாம், அஞ்சாம் வருஷம் 5,000) தவணை சுமார் 7,900தான். "வேலைக்குப் போய்ப் பார்த்துக்கலாம்"னு விடற வீடுகள்தான் மாட்டிக்குது.

பெரம்பூர்வாசி:
25,000 சம்பளத்துல 7,900 போனாலும் மாப்பிள்ளை வீட்டுல கேக்க மாட்டாங்களா?

மயிலை மங்கை:
கேக்கட்டுங்க, கேக்க வேண்டிய விஷயம்தான். பத்துப் பொருத்தம் பார்க்கிற நாம கடன் பொருத்தம் பார்க்கிறதில்ல. இந்தக் கடன்ல அப்பாவோ அம்மாவோதான் கூட்டுக் கடன்தாரர். கல்யாணம் கட்டிக்கிறவர் மேல சட்டப்படி பொறுப்பு வராது. ஆனா நாளைக்கு ரெண்டு பேரும் சேர்ந்து வீட்டுக் கடன் கேட்டா, வங்கி இந்தத் தவணையைக் கழிச்சுட்டுத்தான் தொகை சொல்லும். மறைச்சா அன்னிக்கு வீட்டுல பெரிய சண்டை. அதனால பெண் பார்க்க வர்றதுக்கு முன்னாடியே பாக்கி எவ்வளவு, எந்த வருஷம் முடியும், அவ சம்பளத்துலேர்ந்தே கட்டுவா, வேலையை விட மாட்டான்னு சொல்லிடணும். பையனோட கடன், தவணை விவரமும் அதே பேச்சுல கேக்கணும். அதுக்கே முகம் சுளிக்கிற இடம் நமக்கு வேண்டாம்.

பெரம்பூர்வாசி:
சொல்றது சுலபம்மா. பெண் வீட்டார் அப்படிக் கேட்டா "ரொம்பக் கறார்"னு பேர் வரும். நிலவரம் இன்னும் அப்படித்தான் இருக்கு.

வடபழனி வாத்தியார்:
6 லட்சம் தேவைதானான்னு யாரும் கேக்கலையே! குடும்பத்துல முதல் பட்டதாரின்னா இ-சேவை மையத்துல சான்றிதழ் வாங்குங்க, கலந்தாய்வு சீட்டுக்குக் கல்விக் கட்டணத்துல சலுகை உண்டு. 6லேர்ந்து 12 வரை அரசுப் பள்ளின்னா 7.5% ஒதுக்கீட்டுல கட்டணத்தை அரசே ஏற்கும், புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1,000 தனி. கலந்தாய்வுல கல்லூரி, பாடப்பிரிவுகளை வரிசையாக் குறிக்கிற விருப்பப் பட்டியல்ல "கிடைக்குமா"ன்னு பார்த்து வரிசை போடாதீங்க. மேலேர்ந்து கீழே பார்த்து, தரவரிசைக்குக் கிடைக்கிற முதல் இடத்தைத்தான் கணினி ஒதுக்கும். நாலாவதா போட்டது கிடைச்சா, அஞ்சாவது நல்லதா இருந்தாலும் வராது. ப்ரௌசிங் சென்டர்காரர் போட்ட வரிசையை அப்படியே பூட்டிட்டு (உறுதி செஞ்சுட்டு) அழற பிள்ளைகள் நிறைய.

பெரம்பூர்வாசி:
சலுகையோட கலந்தாய்வு சீட்டுன்னா, மிச்சத்துக்குக் கடன் வாங்க ஒத்துக்கறேன். மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குக் கடன்னா மாட்டேன்.

மயிலை மங்கை:
அதுல நானும் உங்க பக்கம்தான் சார். ஆனா கணக்கர் போட்ட 10,700ஐயும் 7,900ஐயும் பொண்ணுகிட்ட காட்டிட்டு, பட்டியலை அவளே பூட்டட்டும். கட்டப் போறவ அவதானே.