பந்து மவுஸைப் பிரித்து மோட்டார் சுற்று எண்ணியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

அம்மாபேட்டையிலிருந்து:

தறிச் சத்தம் கேட்காத தெரு எங்கள் பக்கம் குறைவு. மச்சான் தறிக்கு நூல் தார் சுற்றும் மோட்டார் எத்தனை சுற்று ஓடுகிறது என்று எண்ண ஒரு வழி கேட்டார். கடையில் விற்கிற என்கோடர் (சுற்றை எண்ணும் கருவி) விலை அவருக்குக் கட்டுப்படியாகாது. பழைய இரும்புக் கடையில், அடியில் பந்து உருளும் பழைய மவுஸ் ஒன்றை வாங்கி வந்தேன்.

திறந்தால் உள்ளே இரண்டு உருளை. ஒவ்வொன்றின் முனையிலும் ஓரமெல்லாம் வெட்டு விழுந்த சின்னச் சக்கரம். சக்கரத்துக்கு ஒரு பக்கம் அகச்சிவப்பு எல்இடி, எதிர்ப்பக்கம் மூன்று கால் வைத்த சென்சார். அந்த ஒரு சென்சாருக்குள் வெளிச்சம் பட்டால் மின்சாரம் கடத்தும் போட்டோ டிரான்சிஸ்டர் இரண்டு ஒட்டி ஒட்டி இருக்கிறது. ஒரு வெட்டும் ஒரு பல்லும் கடக்கிற நேரத்தில், கால் பங்கு தள்ளித்தான் இரண்டாவதில் வெளிச்சம் படும். எது முந்துகிறது என்று பார்த்தாலே மோட்டார் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பது தெரிந்துவிடும். இதையெல்லாம் யோசித்துச் செய்த பொருள் எடைக்குப் போவதைப் பார்த்தால் மனசு பொறுக்கவில்லை.

சக்கரத்தை உருளையோடு அறுத்தெடுத்து மோட்டார் ஷாஃப்டில் மாட்டினேன். வேலையில் பாதி இங்கேதான். சக்கரம் கொஞ்சம் கோணினாலும் ஒரு பக்கம் பல்லு உரசும், இன்னொரு பக்கம் வெளிச்சம் ஒழுகும். கையால் மெதுவாகச் சுற்றிப் பார்த்து, ஆட்டம் இல்லை என்று தெரிந்த பிறகே பசை போட வேண்டும்.

மின்சார வேலை சுலபம். 5 வோல்ட்டில் எல்இடிக்கு 330 ஓம் மின்தடை, சென்சாரின் இரண்டு வெளியீட்டுக்கும் தலா 10 கிலோ ஓம், அப்புறம் சிக்னலின் விளிம்பு கூர்மையாக 74எச்சி14 என்ற சிப். அங்கிருந்து எண்ணுகிற வேலையைச் செய்யும் சின்ன கன்ட்ரோலர் போர்டான ஆர்டுயினோ ஊனோவின் 2, 3 பின்களுக்கு. எனக்குக் கிடைத்த சக்கரத்தில் 36 வெட்டு. இரண்டு சிக்னலிலும் ஏறும்போதும் இறங்கும்போதும் எண்ணினால் ஒரு சுற்றுக்கு 144. நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடினால் நொடிக்கு 3600 எண்ணிக்கை, ஊனோ தாங்குகிறது. வெட்டுக் கணக்கு மவுஸுக்கு மவுஸ் மாறும், உங்களுடையதை எண்ணிக்கொள்ளுங்கள்.

ஏற்காட்டிலிருந்து:

அண்ணா, வெளிச்சத்தைப் பற்றி நான் ஒன்று சேர்க்கிறேன். காப்பிப் பழம் உரிக்கும் பல்பர் மோட்டாரில் இதையே மாட்டினோம். காலையில் பனிமூட்டம் இருக்கும் வரை எண்ணிக்கை சரியாக வந்தது. வெயில் ஷெட்டுக்குள் இறங்கியதும் நின்றுபோனது. சூரிய ஒளியிலும் அகச்சிவப்பு உண்டு, சென்சார் எப்போதும் திறந்தே கிடப்பதாக நினைத்துக்கொள்கிறது. சென்சாரைச் சுற்றிக் கறுப்பு டப்பா மூடிய பிறகு தொந்தரவில்லை. எல்இடி எரிகிறதா என்று சந்தேகம் வந்தால் செல்போன் கேமராவில் பாருங்கள், பெரும்பாலான போனில் ஊதாவாகத் தெரியும்.

சூரமங்கலத்திலிருந்து:

மவுஸின் மேலே விரலால் உருட்டும் ஸ்க்ரோல் சக்கரத்து என்கோடரை மோட்டாரில் போடலாமா என்று தம்பிகள் கேட்கிறார்கள். வேண்டாம். நிறைய மவுஸில் அது உலோகம் உரசி வேலை செய்கிற வகை. மோட்டார் வேகத்தில் சீக்கிரம் தேயும், ஒரு தொடுகையை இரண்டு மூன்றாக எண்ணும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற குமிழாக வைத்தால் அருமையாக உழைக்கும்.

கியர் மோட்டார் வைத்திருப்பவர்கள் சக்கரத்தை கியருக்கு முன்னால், மோட்டார் பக்கமே மாட்டுங்கள். 30க்கு 1 கியர் என்றால், அதே 144 வெளி ஷாஃப்டின் ஒரு சுற்றுக்கு 4320 ஆகிவிடும்.