நார்ம்: நெறிமமா, ஒப்பளவா?

நண்பர்களுக்கு வணக்கம். உளச்சோதனையில் ஒருவரின் மதிப்பெண்ணை எதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறோமோ அதை ஆங்கிலத்தில் நார்ம் (norm) என்கிறார்கள். அதற்குத் தமிழில் 'ஒப்பளவு' என்று எழுதலாம் என்றேன். அதற்கு வந்த கேள்விகளுக்குப் பதில் இது.

> உளச்சோதனையில் வரும் நார்முக்கு 'நெறிமம்' இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

நியாயமான கேள்விதான். கொஞ்ச நாள் முன்புவரை நானும் நெறிமம் என்றுதான் எழுதிவந்தேன். ஒரு சிறுவனின் சோதனை அறிக்கையைப் பெற்றோருக்காகத் தமிழில் எழுதியபோது, நினைவாற்றல் பகுதியில் அவன் மதிப்பெண் 'வயது நெறிமத்துக்குக் கீழே உள்ளது' என்று போட்டேன். படித்துவிட்டு அவன் அம்மா கேட்ட முதல் கேள்வி: "அவன் என்ன தப்பு பண்ணினான்?"

அன்றோடு அந்தச் சொல்லை விட்டேன். நெறி என்றதும் நமக்குத் தோன்றுவது நடக்க வேண்டிய வழி. நெறி தவறியவன், நெறிகெட்டவன் என்றுதான் மனம் ஓடும். பின்னால் 'மம்' ஒட்டியதால் அந்த வாடை போய்விடாது. 'நியமம்' இன்னும் மோசம், விரதம் இருப்பவர் நினைவுக்கு வருகிறார். (மூலச்சொல்லும் இதில் அப்பாவி இல்லை. இலத்தீனில் நார்மா என்றால் தச்சரின் மூலைமட்டம். கோணலா நேரா என்று தீர்ப்புச் சொல்லும் கருவி.) ஆனால் உளச்சோதனையில் நார்ம் எந்தத் தீர்ப்பும் சொல்வதில்லை. இதே சோதனையை இதே வயதுள்ள பலருக்குக் கொடுத்தபோது அவர்கள் எவ்வளவு எடுத்தார்கள், மதிப்பெண்கள் எப்படிப் பரவியிருந்தன என்று காட்டும் அட்டவணை அது, அவ்வளவுதான்.

அதனால்தான் 'ஒப்பளவு' என்கிறேன். எதோடு ஒப்பிடுகிறோமோ அந்த அளவு.

சொல்லப்போனால் இந்தத் துறையே ஒப்பிடுவதில்தான் நிற்கிறது. பிரான்சில் பினேயும் சிமோனும் 1905இல் குழந்தைகளின் நுண்ணறிவை அளக்க 30 பணிகள் கொண்ட சோதனையை வெளியிட்டார்கள். 1908இல் பணிகளை வயதுவாரியாக அடுக்கினார்கள்: இந்த வயதுக் குழந்தைகளில் பெரும்பாலோர் இதைச் செய்கிறார்கள் என்று. அப்போதே ஒப்பளவு வந்துவிட்டது, பெயர்தான் வரவில்லை. 1912இல் ஜெர்மன் உளவியலாளர் ஸ்டெர்ன் மன வயதை உண்மை வயதால் வகுக்கச் சொன்னார். எட்டு வயதுக் குழந்தை பத்து வயதுக் குழந்தைபோல் செய்தால் 1.25, பிறகு அதை நூறால் பெருக்கி 125 என்றார்கள். 'நுண்ணறிவு ஈவு' (IQ) என்ற நம் சொல்லில் உள்ள ஈவு இந்த வகுத்தல்தான்.

குழந்தைகளுக்கு இது ஒருவாறு ஒத்துவந்தது. பெரியவர்களிடம் வந்ததும் உடைந்தது. இருபது வயதுக்காரரும் நாற்பது வயதுக்காரரும் ஒரே அளவு செய்தால், வகுக்கும்போது மூத்தவருக்குப் பாதிதான் கிடைக்கும்! அமெரிக்க உளவியலாளர் வெக்ஸ்லர் 1939இல் பெரியவர்களை மனத்தில் வைத்துச் செய்த சோதனையில் வகுத்தலைக் கைவிட்டு, ஒருவரை அவர் வயதுக் குழுவோடு ஒப்பிட்டார். அந்தக் குழுவின் சராசரி 100. அவர் பெயரில் வரும் இன்றைய சோதனைகளில் திட்டவிலக்கம், அதாவது மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதன் அளவு, 15. குழந்தைகளுக்கானவற்றிலும் இதே முறைதான். ஆக, ஈவு என்ற சொல் இருக்கிறது, வகுத்தல் இல்லை. அதைத் திருத்தப் புகுந்தால் இன்னொரு சண்டை வரும், இன்று வேண்டாம்.

> சராசரி என்றே சொல்லிவிடலாமே?

போதாது. 85 எடுத்த குழந்தை சராசரிக்குக் கீழேதான். ஆனால் நூறில் ஏறத்தாழ 68 பேர் 85க்கும் 115க்கும் இடையில்தான் இருக்கிறார்கள். இந்தப் பரவலும் சேர்ந்ததுதான் நார்ம். சராசரி என்று மட்டும் எழுதினால் 98ஐப் பார்த்தும் கவலைப்படுவார்கள். நூறு பேரில் எத்தனை பேர் இவருக்குக் கீழே என்று காட்டும் நூற்றுமானத்தில் சொன்னால் தீருமா என்றால், அங்கே வேறு குழப்பம்: 84ஆவது நூற்றுமானம் என்றதும் நூற்றுக்கு 84 மதிப்பெண் என்று படிக்கிறார்கள்.

சொல்லை வாக்கியத்தில் வைத்துப் பார்ப்பது என் வழக்கம். தலைமுறைகள் மாற மாற மக்கள் இச்சோதனைகளில் எடுக்கும் மதிப்பெண் கூடிவந்ததை ஃப்ளின் என்ற ஆய்வாளர் காட்டினார். அதனால் அட்டவணையை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. 'இந்தச் சோதனையின் நெறிமம் பழசாகிவிட்டது' என்றால் யாரோ சீர்திருத்தம் பேசுவதுபோல் இருக்கிறது. 'ஒப்பளவு பழசாகிவிட்டது' என்றால் விஷயம் நேராகப் புரிகிறது.

குறை இல்லாமல் இல்லை. 'ஒப்பீட்டளவில்' என்று பேச்சிலும் எழுத்திலும் அடிக்கடி வருவதால் இரண்டும் கலந்துபோகலாம். 'ஒத்தோர் அளவு' என்று ஒருவர் தனிமடலில் சொன்னார். பெற்றோருக்கான அறிக்கையில் அதுவே நன்றாக இருக்கும். நூலில் திரும்பத் திரும்ப எழுத நீளம். நார்ம் எடுக்கப்பட்ட குழுவுக்கு 'ஒப்புக்குழு' போதும். பிறரோடு ஒப்பிடாமல், இவ்வளவு தெரிந்தால் போதும் என்று முன்பே கோடு போட்டு வைக்கும் சோதனைகளுக்கு 'வரையளவு' என்று பிரித்துக்கொள்ளலாம்.

அந்த அட்டவணையைத் தயாரிப்பதைச் சொல்லும் வினைவடிவம்தான் இன்னும் அமையவில்லை. 'தரப்படுத்தல்' என்பது எல்லோருக்கும் ஒரே கேள்வி, ஒரே அறிவுறுத்தல், ஒரே நேரம் என்று நடைமுறையைச் சீராக்குவதற்கும் சேர்த்து வருவதால் இங்கே உதவாது. இப்போதைக்கு 'ஒப்பளவு காணல்' என்று எழுதிவருகிறேன். 'ஒப்பளவாக்கம்' கேட்க வசதிதான், ஆனால் அட்டவணையை நாமே இட்டுக்கட்டியதுபோல் ஒலிக்கிறது. வேறு தோன்றினால் எழுதுங்கள்.