இலேசாக மாற்றம் செய்த மஹிந்திரா தார் ஜீப்பைக் கொண்டு நத்தம் பக்கப் பாறைத் தடத்தில் குழுவோடு போகலாமா?

திருநகர் தார்:

அனைவருக்கும் வணக்கம். மதுரை திருநகரில் வசிக்கிறேன். மூன்று கதவு தாரின் பெட்ரோல், ஃபோர் வீல் டிரைவ் வகையை இரண்டு ஆண்டுகளாக ஓட்டி வருகிறேன். வரும் மார்கழி இரண்டாம் ஞாயிறன்று நத்தம் பக்கம் ஒரு தனியார் பட்டா நிலத்தில், ஓடைப் பாறைகளும் செங்குத்தான சரளை மேடுகளும் நிறைந்த ஏறக்குறைய 9 கிலோமீட்டர் தடத்தில், 11 வண்டிகள் சேர்ந்து போக ஏற்பாடாகியிருக்கிறது, என்னையும் அழைத்திருக்கிறார்கள். தடத்தை முன்பே பார்த்தவர்கள் அது கடினமானது என்றே சொல்கிறார்கள். நான் இதுவரை கரடுமுரடாக ஓட்டியது உசிலம்பட்டி அருகே மாமாவின் தோட்டத்துக்குப் போகும் வண்டிப்பாதை ஒன்றுதான். சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளில் பலமுறை ஏறி இறங்கியிருக்கிறேன் என்றாலும் அது தார்ச்சாலை என்பதால் கணக்கில் சேராது.

வண்டியில் செய்த மாற்றங்கள் குறைவு. நிறுவனம் கொடுத்த அதே 255/65 ஆர் 18 அளவில் ஆல் டெரெய்ன் டயர்கள், 2 அங்குலம் உயர்த்தும் ஸ்பிரிங்குகள், அவற்றுக்கு ஏற்ற ஷாக் அப்சார்பர்கள், எஞ்சினுக்கு அடியில் 4 மில்லிமீட்டர் இரும்புத் தகடு ஆகியவைதாம் நான் சேர்த்தவை. பின்புறம் டிரெய்லர் இழுக்கும் குண்டு ஒன்றையும் ஒரு கடையில் பொருத்தித் தந்தார்கள். சிக்கிய வண்டியைக் கயிறு சுற்றி இழுக்கும் வின்ச் இல்லை. பின் அச்சில், இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரிக்கும் டிஃபரன்ஷியல் உண்டு; இரண்டையும் ஒன்றாகச் சுழலவைக்கப் பூட்டும் வகை அல்ல. சுழலும் சக்கரத்தைப் பிரேக் பிடித்து அடக்கும் மின்னணு வசதி மட்டும் உண்டு.

இந்த நிலையில் வண்டி அந்தத் தடத்தைத் தாங்குமா, அல்லது இரும்பு பம்பரும் வின்சும் பொருத்திக்கொண்டுதான் போக வேண்டுமா என்பதே என் கேள்வி. என் மனைவியும் ஒன்பது வயது மகனும் உடன்வர ஆசைப்படுகிறார்கள். அவர்களை அழைத்துப் போவது சரியா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

அழகர்கோவில் சாலை:

தம்பி, வண்டி போதும். ஆனால் செய்த மாற்றங்களால் உங்களுக்கு என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை என்பதைத் தெரிந்துகொண்டு தடத்தில் இறங்குங்கள். ஸ்பிரிங்கை உயர்த்தியதால் வண்டியின் உடல்தான் 2 அங்குலம் மேலே போயிருக்கிறது. தாரின் பின் அச்சு ஒரே தண்டாகச் சக்கரங்களோடு இணைந்திருப்பதால், அதன் நடுவே தொங்கும் டிஃபரன்ஷியல் உருண்டை முன்பு இருந்த உயரத்தில்தான் இன்றும் இருக்கிறது. டயரின் அளவை நீங்கள் மாற்றாததால், நிறுவனம் குறிப்பிடும் 226 மில்லிமீட்டர் தரை இடைவெளி அந்த உருண்டைக்கு அடியில் ஒரு மில்லிமீட்டர்கூடக் கூடவில்லை. பெரிய டயர் போட்டிருந்தாலும், விட்டம் எவ்வளவு கூடுகிறதோ அதில் பாதிதான் அங்கே சேரும்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சாலையில் கல் கிடந்தால் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் விட்டுக் கடப்பது நம் எல்லோருக்கும் கைவந்த பழக்கம். ஓடைப் பாறையில் அதே பழக்கத்தில் போனால், உயர்த்திய முன்பகுதி தொல்லையின்றித் தாண்டிவிடும். பின்னால் வரும் டிஃபரன்ஷியல் அந்தக் கல்லில் போய் உட்கார்ந்துவிடும். எனவே பெரிய கல்லின் மேல் டயரையே ஏற்றுங்கள். மனம் ஒப்பாதுதான், முதல் நான்கைந்து கற்களுக்குக் கை தானாகவே ஸ்டியரிங்கை விலக்கப் பார்க்கும். உயர்த்தியதால் உங்களுக்குக் கிடைத்தது கோணம், அதாவது உடல் தரையில் இடிக்காமல் வண்டி கடக்கக்கூடிய சரிவு. நிறுவனக் கணக்கில் முன்பக்க ஏறுகோணம் 41.8 பாகை, பின்பக்கக் கோணம் 36.8 பாகை, நடுவயிற்றுக் கோணம் 27 பாகை. மூன்றும் உங்களுக்குச் சற்றுக் கூடியிருக்கும். மேட்டின் உச்சியைத் தாண்டும்போது அந்த நடுவயிற்றுக் கோணம்தான் உங்களைக் காப்பாற்றும்.

உயர்த்தியதற்கு ஒரு விலையும் உண்டு. முன்பக்கச் சக்கரங்கள் தனித்தனியாகத் தொங்குபவை என்பதால், உடல் உயர்ந்ததும், சக்கரங்களுக்கு விசை கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட்டுகள் கூடுதல் சாய்வில் வேலை செய்கின்றன. அவற்றின் முனையிலுள்ள ரப்பர் உறைகள் அந்தச் சாய்வில் மடிந்து மடிந்து வெடிக்கும். புறப்படும் முன் ஸ்டியரிங்கை முழுவதுமாகத் திருப்பி வைத்து, டார்ச் அடித்து, உறையின் மடிப்புகளுக்குள் கிரீஸ் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

பிரேக் பிடித்து அடக்கும் வசதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு சக்கரம் காற்றில் தூக்கி நின்று சுழலும்போது புதியவர்கள் பயந்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுகிறார்கள். அந்தச் சுழற்சியை உணர்ந்த பிறகுதான் வண்டி அந்தச் சக்கரத்தைப் பிரேக் பிடித்து, பிடிப்புள்ள மறு சக்கரத்துக்கு விசையை அனுப்பும். ஆகவே ஓரிரு விநாடிகள் ஒரே சீராக மிதித்துப் பொறுத்திருங்கள். வெறியோடு மிதித்தால் சக்கரம் திடீரெனப் பிடித்து அச்சு முறியவும் வாய்ப்புண்டு.

வின்ச் இப்போது வேண்டாம். 11 வண்டிகளில் யாரிடமாவது இருக்கும். இரும்பு பம்பரும் வின்சும் சேர்ந்து முன்பக்க ஸ்பிரிங்கின் மேல் ஏற்றும் எடை, இறக்கத்தில் உங்களுக்கு எதிராகவே வேலை செய்யும். அந்தப் பணத்தில் ஒரு நல்ல காற்று கம்ப்ரஸர், அளவுமானி, மீட்புக் கயிறு, அதை வண்டியோடு கோக்கும் இரும்பு வளையமான ஷாக்கிள் இரண்டு வாங்குங்கள். ஸ்டெப்னியும் மற்ற நான்கின் அதே அளவில் இருக்கட்டும். ஃபோர் வீல் டிரைவில் ஒரு டயர் மட்டும் விட்டம் மாறினால் கியர்பெட்டி வரை முறுக்கு ஏறும்.

மேலூர் கண்மாய்க்கரை:

தடம் பட்டா நிலத்தில் இருக்கிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. ஆனாலும் உரிமையாளரின் ஒப்புதல் வாய்வார்த்தையாக இல்லாமல் எழுத்தில் இருக்கிறதா என்று ஏற்பாட்டாளர்களிடம் கேளுங்கள். நத்தத்தைச் சுற்றிக் காப்புக்காடுகள் இருப்பதால் எல்லைக் கல்லைத் தாண்டி ஒரு வண்டி போனாலும் வனத்துறைக்குப் பதில் சொல்ல வேண்டியது அத்தனை பேரும்தான். எங்கள் ஊர்ப்பக்கம் அரிட்டாபட்டியை 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். அங்கேயும் பாறை அழகாக இருக்கிறதென்று டயர் தடம் பதிக்க வருகிறவர்களை நாங்கள் திருப்பி அனுப்பியிருக்கிறோம்.

இன்னொன்றை மனம் நொந்து சொல்கிறேன். கண்மாய்க்கரை மேல் வண்டி ஏற்றாதீர்கள். மழை ஈரத்தில் கரையில் விழும் இரண்டு டயர்ப் பள்ளங்களில் தண்ணீர் நின்று, அரித்து, அடுத்த பெரிய மழையில் கரை அந்த இடத்தில்தான் வாய் பிளக்கிறது. மடைக்கும் கலுங்குக்கும் பக்கத்தில் அது நடந்தால் ஓர் ஆயக்கட்டு முழுவதும் அந்தப் போகத்தை இழக்கும். கைவிடப்பட்ட கிரானைட் குவாரிக் குழிகளின் தண்ணீரிலும் வண்டியை இறக்கிப் பார்க்காதீர்கள். ஓடைக்குச் சரிவு உண்டு. அந்தக் குழிகளுக்குச் சரிவே கிடையாது. ஓரத்திலிருந்து நேராக ஆழம்.

காப்பீட்டையும் எடுத்துப் படியுங்கள். தனியார் கார் பாலிசிகளில் பந்தயமும் வேகச் சோதனையும் விலக்கப்பட்டிருக்கும்; நேரம் குறித்துப் போட்டி நடத்தினால் விலகி நில்லுங்கள். எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்த சேதம், அதற்கென்று தனிப் பாதுகாப்பு வாங்காதவர்களுக்குப் பொதுவாகக் கிடைப்பதில்லை. தாருக்கு 650 மில்லிமீட்டர் ஆழம் வரை தண்ணீரில் போகலாம் என்று நிறுவனம் சொல்கிறது. அதை ஒரு கம்பில் குறித்துக்கொண்டு, முதலில் ஒருவர் நடந்து பார்த்த பிறகு இறக்குங்கள். மேலும், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவான விவரங்களிலிருந்து வண்டி மாறுவதை எளிதில் அனுமதிப்பதில்லை. இரும்பு பம்பர் என்றால் முதல் சோதனைச் சாவடியிலேயே கேள்வி வரும்.

திருநகர் தார்:

மிக்க நன்றி ஐயா, நன்றி அண்ணன். வின்ச், பம்பர் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டேன். இரண்டு சந்தேகங்கள். பாறையில் ஓட்ட டயர் காற்றை எத்தனை பாயிண்ட் (பிஎஸ்ஐ) வரை இறக்கலாம்? வண்டி சிக்கினால் பின்னாலுள்ள டிரெய்லர் குண்டில் கயிற்றைப் போட்டு இழுக்கலாமா?

கள்ளிக்குடி கரிசல்:

அந்தக் குண்டைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மழை விட்ட மறுநாள், எங்கள் ஊர்க் கரிசலில் என் வண்டி அச்சு வரை இறங்கிவிட்டது. ஈரக் கரிசல் டயரின் பள்ளங்களை அடைத்து அதை வழுக்கும் உருளையாக்கிவிடும். அதோடு சக்கரத்தைச் சுற்றி உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். முதலில் மண்வெட்டியால் டயரைச் சுற்றித் தோண்டி அந்தப் பிடியை உடைத்திருக்க வேண்டும். நாங்கள் அவசரப்பட்டு, முன்பக்கத்தின் அடியில் இருந்த ஒரு வளையத்தில் கயிற்றைக் கட்டி வெடுக்கென்று இழுத்தோம். லாரியில் ஏற்றும்போது வண்டியைக் கட்டி வைப்பதற்கான வளையம் அது என்பது பிறகுதான் தெரிந்தது. துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம். வளையம் பிய்ந்து பறந்து, இழுத்த வண்டியின் பின்கண்ணாடியைத் துளைத்து, பின் இருக்கையின் தலைச்சாய்வில் போய்ச் செருகி நின்றது. அரை மணி நேரத்துக்கு முன்புவரை அந்த இருக்கையில் என் தம்பி மகன் உட்கார்ந்திருந்தான். என் வண்டியின் அடியில், வெல்டிங் விட்டுப்போன இடம் கட்டைவிரல் அகலத்துக்குப் பளபளவென்று வெள்ளையாகத் தெரிந்தது. இன்றும் அந்த நிறம் கண்ணில் நிற்கிறது.

டிரெய்லர் குண்டு இதைவிட ஆபத்தானது, ஏனென்றால் உடைந்தால் அது முழு இரும்புக் குண்டாகப் பறக்கும். வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில் நேரடியாக போல்ட் செய்த, மீட்புக்கென்றே செய்யப்பட்ட கொக்கியை முன்னும் பின்னும் பொருத்துங்கள். முக்கால் அங்குல ஷாக்கிளில் 4.75 டன் என்று அச்சு வார்ப்பிலேயே இருக்க வேண்டும். எழுத்தில்லாத ஷாக்கிளைத் தொடாதீர்கள். இழுக்கும்போது கயிற்றின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் யாரும் நிற்கக் கூடாது.

காற்றைப் பொறுத்தவரை, சாலையில் 32 பாயிண்ட் வைத்திருந்தால் பாறையில் 20 வரை இறக்கலாம். மணலுக்கு 15 சொல்வார்கள், ஆனால் 18 அங்குல வளையத்தில் டயரின் பக்கச்சுவர் உயரம் குறைவு என்பதால் கூர்மையாகத் திருப்பினால் டயர் வளையத்தை விட்டுக் கழன்றுவிடும். நம் பக்கத்தில் இன்னொரு கணக்கும் உண்டு. காற்றை இறக்க இறக்கப் பக்கச்சுவர் வெளியே பிதுங்கும். சீமைக்கருவேல முள் அங்கே ஏறினால் பஞ்சர் ஒட்டிப் பயனில்லை, டயரையே மாற்ற வேண்டியதுதான். வெட்டிப் போட்ட முள் கிடக்கும் இடத்தில் 20க்குக் கீழே போகாதீர்கள். முடிந்ததும் சாலை ஏறும் முன் காற்றை நிரப்பி, டூ வீல் டிரைவுக்கு மாற்றிவிடுங்கள்.

நாகமலைப் புதுக்கோட்டை:

நான் இத்தகைய பயணங்களில் பெரும்பாலும் வண்டிக்கு முன்னே நின்று வழிகாட்டும் பெண். மகனைப் பற்றி யாரும் சொல்லாததால் எழுதுகிறேன். முதல் கடினத் தடத்தில் குழந்தையை வண்டிக்குள் வைக்காதீர்கள். பக்கவாட்டில் சாய்ந்து இறங்கும் இடத்தில் உங்கள் கவனம் பாதி பின் இருக்கையில் இருக்கும், அந்தப் பாதி உங்களுக்குத் தேவைப்படும். புறப்படும் இடத்தில் அம்மாவோடு இருக்கட்டும். முதல் பாறையை நடந்து வந்து பார்க்கட்டும்.

தடத்தில் ஒரு வண்டிக்கு ஒரே ஒரு வழிகாட்டிதான். நாலா பக்கமும் நின்று நாலு பேர் கத்தினால் நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, யார் சொல்வதைக் கேட்க வேண்டும் என்று கேளுங்கள். வழிகாட்டியின் கை கண்ணுக்குத் தெரியாமல் போனால் அந்தக் கணமே பிரேக். இறக்கத்தில் ஃபோர் லோவில், அதாவது நான்கு சக்கரங்களும் மெதுவாக, கூடுதல் விசையோடு சுழலும் நிலையில், முதல் கியரைப் போட்டுவிட்டுக் கிளச்சிலிருந்து காலை முழுவதும் எடுத்துவிடுங்கள். ஏற்றத்தில் பாதியில் வண்டி நின்றுவிட்டால் திருப்ப முயலக் கூடாது. ரிவர்ஸ் கியரில், வந்த கோட்டிலேயே நேராகப் பின்னால் இறங்குங்கள். நான் பார்த்த இரண்டு உருளல்களும் சரிவில் வண்டியைக் குறுக்கே திருப்பப் போய் நடந்தவைதாம். பின்னால் வருபவர் உங்கள் கண்ணாடியில் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் நின்றுவிடுங்கள். சுற்றுப்பாதை இருக்கிற இடத்தில் அதைக் கேட்டு வாங்குங்கள், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள்.

திருநகர் தார்:

போய்விட்டு வந்தேன், பொங்கல் வேலைகளில் எழுதத் தாமதமாகிவிட்டது. 20 பாயிண்ட்டில் ஓட்டினேன். கல்லின் மேல் டயரை ஏற்றுங்கள் என்று ஐயா சொன்னதை முதல் பாறையிலேயே மறந்து நடுவில் விட்டேன். பின்னால் டிஃபரன்ஷியல் உரசிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அதன் பிறகு மறக்கவில்லை. மூன்றாவது பாறைப்படி என் மார்பளவு இருந்தது. பூட்டும் டிஃபரன்ஷியல் உள்ள வண்டிகளே இரண்டு மூன்று முறை முயன்ற பிறகுதான் ஏறின. நான் ஒருமுறை முயன்றேன், இடது பின் சக்கரம் தூக்கியது, சீராக மிதித்துப் பார்த்தும் ஏறவில்லை. வந்த கோட்டிலேயே பின்வாங்கிச் சுற்றுப்பாதையில் போய்ச் சேர்ந்துகொண்டேன். அக்கா சொன்னபடியே யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மகன் குறடு எடுத்து டயர்களிலிருந்து ஏழு கருவேல முட்களைப் பிடுங்கினான். ஆறு மேல்தோலோடு நின்றிருந்தன. ஏழாவதை எடுத்ததும் காற்று இறங்கியது. நல்லவேளையாக அது தரையில் படும் பகுதியில் இருந்ததால் ஒட்ட முடிந்தது. டார்ச் அடித்துப் பார்த்ததில் வலது முன் டிரைவ் ஷாஃப்ட் உறையின் மூன்றாவது மடிப்பில் மெல்லிய கீறல் தெரிகிறது, கிரீஸ் இன்னும் வரவில்லை. உறையை இந்த வாரமே மாற்றக் கொடுக்கிறேன். ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும்: முன்பக்கத்தை மட்டும் 2 அங்குலத்திலிருந்து 1 அங்குலமாக இறக்கிவிட்டால் அந்தச் சாய்வு போதுமான அளவு குறையுமா, அல்லது பின்பக்கத்தையும் சேர்த்து இறக்க வேண்டுமா?