முகப்பு குறைந்த மனைக்கு விலை கணக்கிடுவது எப்படி?

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணத்துக்கு அருகில் உள்ள எங்கள் மனையின் முகப்பு 30 அடி, பின்புறம் 42 அடி, இரண்டுக்கும் நேர்குத்தான ஆழம் 80 அடி என்பதால், சராசரி அகலமான 36-ஐ ஆழத்தால் பெருக்க, பரப்பு 2,880 சதுர அடி, அதாவது சென்ட்டுக்கு 435.6 சதுர அடி வீதம் ஏறத்தாழ 6.61 சென்ட் வருகிறது.

இதே பரப்பும் 40 அடி முகப்பும் கொண்ட பக்கத்து மனை, சதுர அடி 1,500 ரூபாய் வீதம் 43,20,000 ரூபாய்க்கு விற்றது. வாங்க வந்தவரோ முகப்பு முக்கால் பங்குதான் என்று 32,40,000 ரூபாய் மட்டுமே தருவதாகச் சொல்கிறார். குடியிருப்புக்குக் கோமுக மனை (முகப்பு குறுகிப் பின்புறம் அகன்றது) உகந்தது என்று மெச்சியவரும் அவரேதான்! கடைக்கு வேண்டுமானால் அந்தக் கணக்கு பொருந்தலாம், வீட்டு மனைக்கு அது மிகையாகவே எனக்குப் படுகிறது.

மனையைச் சாலைக்கு இணையான மூன்று பட்டைகளாக்கி, சாலையோரப் பட்டைக்கு முழு விலை, அடுத்ததற்கு மூன்றில் இரண்டு பங்கு, கடைசிக்குப் பாதி என்று மதிப்பீட்டாளர்கள் பிரிக்கும் முறையில், 80 அடி ஆழத்தை எந்த இடத்தில் பிரிப்பது என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.