கருந்தேள் கொடுக்கைத் தூக்கவே இல்லையே, ஏன்?

கிணற்றடி:
நேற்று ராத்திரி செங்கல் குவியலுக்குப் பக்கத்தில் ஒரு கருந்தேள், கைவிரல் நீளத்துக்கு மேலேயே இருக்கும். டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே நின்றேன். கரப்பான் ஒன்றை இடுக்கியில் பிடித்து, நொறுக்கி, அப்படியே தின்ன ஆரம்பித்துவிட்டது. கொடுக்கு முதுகுக்கு மேல் சும்மா வளைந்து நின்றதோடு சரி. விஷம் இருந்தும் ஏன் கொட்டவில்லை? இவ்வளவு பெரியது கொட்டினால் ஆள் பிழைப்பானா? வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறது.

பொட்டல்காடு:
விஷம் அதற்குச் சேமிப்புப் பணம் மாதிரி. தீர்ந்தால் மறுபடி ஊற நாள் கணக்காகும், அதனால் இடுக்கியால் முடிகிற வேலைக்கு அதைச் செலவழிக்காது. தென் ஆப்பிரிக்காவில் பராபுத்தஸ் என்று ஒரு தேள், முதலில் பொட்டாசியம் உப்பு நிறைந்த தெளிந்த திரவத்தை மட்டும் விடும், வலிக்கு அதுவே போதும். மேலும் மேலும் சீண்டினால்தான் பால் போன்ற அசல் விஷம் வரும் என்று 2003-இல் கண்டுபிடித்தார்கள். கஞ்சன்தான், ஆனால் கணக்குத் தெரிந்தவன்.

செவக்காட்டான்:
தம்பி, நீங்கள் பயப்பட வேண்டியது அந்தக் கறுப்பனுக்கு இல்லை. கருந்தேள் கொட்டினால் நன்றாகக் கடுக்கும், பெரும்பாலும் அதோடு போய்விடும். இடுக்கி ஒல்லியாக, வால் தடியாக இருக்கிற செந்தேள்தான் ஆள்கொல்லி. அதன் அறிவியல் பெயரிலேயே 'டாமுலஸ்', அதாவது 'தமிழ்' என்று நம்மைச் சேர்த்துவிட்டார்கள்! கடலை பறிக்கும்போது அப்பாவைக் கொட்டியது. கடுப்பு என்னவோ கொஞ்சம்தான், ஆனால் கால் மணி நேரத்தில் சட்டை பிழிகிற அளவுக்கு வியர்வை, வாந்தி, கை கால் ஐஸ் மாதிரி. அந்த விஷம் நரம்பில் சோடியம் போகிற வாசலை மூடவிடாமல் பிடித்துக்கொள்ளுமாம், உடம்பில் அட்ரினலின் வெள்ளமாகப் பாய்ந்து இதயம் திணறி, நுரையீரலில் நீர் கோத்துவிடும். முதலில் போன இடத்தில் வலி ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள், அடுத்த ஆஸ்பத்திரியில்தான் பிரசோசின் மாத்திரை கொடுத்தார்கள். ரத்த அழுத்தத்துக்கான மாத்திரை அது. 1980-களில் மகாராஷ்டிராவின் மகாடில் டாக்டர் பவாஸ்கர்தான் அதைச் செந்தேள் கடிக்குக் கொடுத்து நிரூபித்தார். பிள்ளைகளைக் கொட்டினால் கீறுவது, கட்டுவது, மந்திரிப்பது எதுவும் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி.

பொட்டல்காடு:
ரூபாய் நோட்டு சோதிக்கிற புற ஊதா டார்ச் இருந்தால் அடித்துப் பாருங்கள், தேள் பச்சையாக மின்னும்.

கிணற்றடி:
அடித்தேன். கறுப்பன் அதே இடத்தில்தான். துணி துவைக்கிற கல்லுக்கு அடியில் பொடியாக இரண்டு, இடுக்கி ஒல்லி. செருப்பு போடாமல் இனி வெளியே வரமாட்டேன்.