தரோ எக்ஸாமினேஷன்: தீராய்வா, முற்றாய்வா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பாரந்தூக்கிகளுக்கான சட்டப் படிவங்களைத் தமிழில் எழுதும்போது மூன்று சொற்கள் காலை இடறுகின்றன: டெஸ்ட், எக்ஸாமினேஷன், இன்ஸ்பெக்‌ஷன். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில் 1987-இல் சேர்த்த ‘காம்பிடன்ட் பர்சன்’ (இவற்றைச் செய்யத் தகுதி பெற்றவர்) வரையறை இந்த மூன்றையும் ஒரே வரியில் அடுக்கியது. நம் கையேடுகளிலோ சோதனை, பரிசோதனை, ஆய்வு என்று எதற்கு எது என்றில்லாமல் மாற்றி மாற்றி வருகிறது. 2020-ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் அந்தப் பழைய சட்டம் 2025-இல் போய்ச் சேர்ந்துவிட்டாலும் இந்தச் சிக்கல் தீரப்போவதில்லை.

பழைய சட்டத்தின் 28-ஆம் பிரிவு ஹாய்ஸ்ட், லிஃப்ட் இரண்டுக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கேட்டது ‘தரோ எக்ஸாமினேஷன்’, அதாவது ஒன்றும் விடாமல் பார்ப்பது. 29-ஆம் பிரிவு கிரேன், செயின், ரோப், சிலிங் (பளுவைக் கட்டித் தூக்கும் கயிறு அல்லது சங்கிலி), ஷாக்கிள் (இணைப்பு வளையம்) வகையறாவுக்கு 12 மாதத்துக்கு ஒருமுறை கேட்டதும் அதேதான். ‘தீர விசாரி’ என்கிறோமே, அந்தத் தீரவை எடுத்துக்கொண்டு ‘தீராய்வு’ எனலாமா?

---

> ‘தீராய்வு’ எனலாமா?

ஐயா, அதைப் படிக்கிறவர் ‘தீராத ஆய்வு’ என்றுதான் பிரிப்பார். ஆண்டுக்கணக்கில் முடியாத கோப்பு நினைவுக்கு வரும். புணர்ச்சியும் இடிக்கிறது, தீர, ஆய்வு இரண்டும் சேர்ந்தால் தீரவாய்வு என்றல்லவா ஆகும்?

சொல்லைத் தேடுமுன் வேலையைப் பார்ப்போம். மூன்றும் மூன்று வேலை, ஒன்றின் இடத்தில் மற்றது நிற்காது. பட்டறையில் நடக்கும் தவறு இங்கேதான்: அனுமதித்த அளவில் 125 விழுக்காடு பளுவைத் தூக்கி, தரையிலிருந்து 100 முதல் 200 மில்லிமீட்டர் உயரத்தில் 10 நிமிடம் நிறுத்தி, இறங்காமல் நின்றால் சான்றிதழ் எழுதிவிடுகிறார்கள். அது டெஸ்ட் மட்டுமே. ரோப்பின் பாதுகாப்புக் காரணி 5, அதாவது அனுமதித்த பளுவைப்போல் ஐந்து மடங்கு தாங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பிகளில் பாதி அறுந்து வலிமை பாதியாகிவிட்டாலும் அது இன்னும் இரண்டரை மடங்கு தாங்கும். ஒன்றேகால் மடங்கில் அது எப்படிக் காட்டிக்கொடுக்கும்? கிரேன் தேறிவிடும், ரோப் கழிக்க வேண்டியதாகவே தொங்கிக்கொண்டிருக்கும்.

எக்ஸாமினேஷன் செய்யக் கிரேன்மேல் ஏற வேண்டும். ரோப்பில் கிரீஸைத் துடைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். அறுந்த கம்பி கிரீஸுக்கு அடியில்தான் ஒளிந்திருக்கும். பலர் விட்டுவிடும் இடம் ஈக்வலைசர் புல்லி (ரோப்பின் இருபக்க இழுவையைச் சமன்செய்யும் கப்பி). அங்கே ரோப் ஓடுவதில்லை, அதனால் தேயாது என்று நினைப்பு. ஆனால் ஓடாததால் ஒரே இடம் மறுபடி மறுபடி வளைந்து களைக்கிறது, ஈரமும் அங்கேயே தங்குகிறது. சற்றுத் தளர்த்தி, புல்லியில் படிந்திருந்த பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும்.

எண்ணவும் கணக்கு உண்டு. 1934-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் துறைமுக விதி சொன்னது இது: ரோப் விட்டத்தின் எட்டு மடங்கு நீளத்துக்குள், வெளியே தெரியும் அறுந்த கம்பிகள் மொத்தக் கம்பிகளில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. 16 மில்லிமீட்டர், ஆறுக்குப் பத்தொன்பது ரோப் (ஆறு புரி, புரிக்குப் பத்தொன்பது கம்பி) என்றால் 128 மில்லிமீட்டர் நீளம், 114 கம்பி. 11 வரை விடலாம், 12 ஆனால் கழிக்க வேண்டும். இன்றைய தரநிலைகள் ரோப்பின் வகையையும் பயன்பாட்டையும் பார்த்து வேறு எண்கள் தருகின்றன. எண்ணும் முறை மாறவில்லை. கூண்டுபோல் உப்பியிருந்தாலோ முறுக்கு விழுந்து மடங்கியிருந்தாலோ எண்ணவே வேண்டாம், வெட்டிப் போடலாம்.

கொக்கிக்குப் புதிதாக வரும்போதே வாயின் இருபுறமும் ‘சென்டர் பஞ்ச்’ கருவியால் புள்ளி குத்தி இடைவெளியைக் குறித்து வைக்க வேண்டும். அந்த முதல் அளவு இல்லாமல் ‘வாய் விரிந்திருக்கிறதா’ என்று கேட்பதில் பொருளில்லை. 10 விழுக்காடு விரிந்தால் கழிப்பது பரவலான வழக்கம். தயாரிப்பாளர் அதைவிடக் குறைவாகச் சொல்லியிருந்தால் அதுவே வரம்பு. விரிசல் ஐயம் இருந்தால் பெயின்டைச் சுரண்டி, சிவப்புச் சாயம் பூசி, ஊறவிட்டுத் துடைத்து, வெள்ளை டெவலப்பர் அடிக்க வேண்டும். செயின் சிலிங்கில் வளையத்தின் தடிமனை ஒரே இடத்தில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு முறை அளந்து சராசரி எடுக்க வேண்டும். அசல் தடிமனில் 90 விழுக்காட்டுக்குக் கீழே போயிருந்தால் தேய்மானம் மிஞ்சிவிட்டது.

இத்தனையும் அடங்கும் சொல் ‘முற்றாய்வு’ என்பது என் கருத்து. முற்றும் ஆய்தல், பிரிப்பதிலும் குழப்பமில்லை. ‘நுண்ணாய்வு’ என்றால் மைக்ராஸ்கோப் ஞாபகம் வரும். டெஸ்டுக்குப் ‘பளுச்சோதனை’. பளுதூக்குதல் என்ற வழக்கு ஏற்கெனவே இருப்பதால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

---

முற்றாய்வு, பளுச்சோதனை இரண்டும் சரி. மூன்றாவது அந்தரத்தில் நிற்கிறதே! 1979-ஆம் ஆண்டின் ஐஎல்ஓ (பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு) 152-ஆம் உடன்படிக்கை இன்ஸ்பெக்‌ஷனைத் தனியாகவே வரையறுக்கிறது: பொறுப்பான ஒருவர் கண்ணால் பார்த்து, தொடர்ந்து பயன்படுத்தலாமா என்று முடிவுசெய்வது. இதற்கு வெறும் ‘ஆய்வு’ என்று போட்டால் தொழிற்சாலை ஆய்வாளர் வந்து செய்வது என்று எண்ணிவிடுவார்கள். ரிக்கர் (பளுவைக் கட்டி மாட்டுபவர்) ஒவ்வொரு முறையும் சிலிங்கை மாட்டுமுன் செய்வது இது. ‘பயன்முன் பார்வை’ என்று வைக்கலாம்.

‘காம்பிடன்ட் பர்சன்’ என்பதைத் ‘தகுதியான நபர்’ என்று எழுதுவது இந்தியாவுக்குப் போதாது. இங்கே தலைமை ஆய்வாளர் ஏற்பு கொடுத்தால்தான் அந்தப் பெயர். தனி ஆளாகவும் இருக்கலாம், நிறுவனமாகவும் இருக்கலாம். பிரிட்டனின் 1998-ஆம் ஆண்டு லோலர் விதிகளில் (பாரந்தூக்கும் கருவிகளுக்கானவை) அப்படி அரசு ஏற்பு கிடையாது, அறிவும் அனுபவமும் இருந்தால் போதும். ஆகவே நம் படிவத்தில் ‘ஏற்பு பெற்ற ஆய்வர்’, லோலரைப் பற்றி எழுதும்போது ‘தகுதியுடையவர்’. காலக்கெடுவையும் கலந்துவிடாதீர்கள்: லோலரில் ஆள் ஏற்றும் சாதனத்துக்கும் சிலிங், ஷாக்கிள் போன்ற துணைக்கருவிக்கும் ஆறு மாதம், மற்றவற்றுக்கு 12, தனி ஆய்வுத் திட்டம் இருந்தால் அதில் சொன்னபடி. நம் பழைய சட்டத்தின் 29-ஆம் பிரிவில் சிலிங்குக்கும் 12 மாதம்தான் இருந்தது. பிரிட்டிஷ் ஆறு மாதமே சரி என்பது என் எண்ணம், ஏனென்றால் முதலில் அடிபடுவது சிலிங்தான்.

இன்னொன்று, எஸ்டபிள்யூஎல் (சேஃப் வொர்க்கிங் லோடு), தூக்க அனுமதித்த அதிகபட்சப் பளு. ‘பாதுகாப்பான பணிச்சுமை’ என்று பல பலகைகளில் எழுதியிருக்கிறது. பணிச்சுமை என்றால் வேலை அதிகம் என்று பொருள்! ‘பளு வரம்பு’ போதும். இரண்டு கால் சிலிங்கில் இதன் அருமை தெரியும். 2 டன் பளு, கால்களுக்கிடையே 60 டிகிரி என்றால் ஒரு காலில் 1.15 டன், 90 டிகிரியில் 1.41, 120 டிகிரியில் முழு 2 டன். கோணம் விரிய விரிய வரம்பு இறங்கும் என்று சொல்லலாம், ‘பணிச்சுமை’ இறங்கும் என்று சொன்னால் ஆட்கள் சந்தோஷப்படுவார்கள்.

பதிவேட்டில் முற்றாய்வு நாளுக்கும் பளுச்சோதனை நாளுக்கும் தனித்தனிக் கட்டம் வேண்டும். ஒரே கட்டமாக இருந்தால் பளுவைத் தூக்கிப் பார்த்த தேதியே முற்றாய்வுத் தேதியாகவும் ஏறிவிடும். அடையாள எண், பளு வரம்பு, கொக்கி வாயின் முதல் அளவு மூன்றும் அதே வரியில் வரட்டும். ‘டிஸ்கார்ட்’ அளவுக்குக் ‘கழிப்பு வரம்பு’ என்று எழுதியிருக்கிறேன். யாருக்காவது மறுப்பு உண்டா?