மேல்பழனி மண்பாதையில் 11 பேருடன் மலைச்சைக்கிள் பயணம்: வழிநடத்துபவர் கவனிக்க வேண்டியவை என்ன?

கேள்வி – வைகைக்கரை

வணக்கம். மதுரையில் உள்ள எங்கள் சைக்கிள் குழுவினர் ஞாயிறுதோறும் அழகர்கோவில், நாகமலைப் பக்கம் ஓட்டி வருகிறோம். வரும் ஜனவரியில் 11 பேர் மேல்பழனியில், அதாவது கொடைக்கானலுக்கு மேலே உள்ள மண்பாதைகளில் இரண்டு நாள் மலைச்சைக்கிள் ஓட்டுவது என்று முடிவாகி, வழிநடத்தும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. குழுவில் நான் ஒருவன்தான் அந்தப் பக்கம் நான்கைந்து முறை போய்வந்தவன் என்பதைத் தவிர இதற்கு வேறு தகுதி எனக்கு இல்லை.

தனியாகப் போவது வேறு, ஆட்களைக் கூட்டிக்கொண்டு போவது வேறு என்பதைச் சென்ற ஆண்டே பட்டுத் தெரிந்துகொண்டேன். அன்று நாங்கள் ஆறே பேர். பூம்பாறைக்குக் கீழே பூண்டு வயல்களுக்கு நடுவில் பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் நான் இடப்பக்கம் இறங்கிவிட்டேன். கடைசியாக வந்த இருவர் வலப்பக்கம் போய்விட்டார்கள். கைபேசியில் சிக்னல் இல்லை. ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்து, மூட்டை ஏற்றிய குதிரையோடு வந்த பெரியவர் ஒருவர் அவர்களை அழைத்துவந்து சேர்த்தார். "முன்னால போறவுக திரும்பியே பாக்க மாட்டீகளா?" என்று அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

இந்த முறை நான் போட்டிருக்கும் திட்டம் இது. முதல் நாள் கொடைக்கானலிலிருந்து பூம்பாறை வழியாக மன்னவனூர் சென்று, கவுஞ்சியில் தங்குகிறோம். இரண்டாம் நாள் மன்னவனூரிலிருந்து காட்டுக்குள் புகுந்து பேரிஜம் ஏரிப் பக்கம் வெளியே வருகிறோம். செயற்கைக்கோள் படத்தில் அப்படி ஒரு கோடு தெரிகிறது. முடிந்தால் பழைய மூணாறு சாலையிலும் சிறிது தூரம் ஓட்டலாம் என்று ஆசை. 11 பேரில் நான்கு பேர் தார்ச்சாலையைத் தவிர வேறெங்கும் ஓட்டியதில்லை. ஒருவருக்கு வயது 54. அனுமதி, குழுவைப் பிரிக்கும் முறை, கொண்டுபோக வேண்டிய கருவிகள் ஆகியவை குறித்து அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1 – தாண்டிக்குடி காப்பித்தோட்டம்

தம்பி, முதலில் இரண்டாம் நாள் திட்டத்தை அழித்துவிடுங்கள். படத்தில் தெரியும் கோடு பாதை ஆகாது. அது தீத்தடுப்புக் கோடாக இருக்கலாம், என்றோ மரம் வெட்டிய கூப்பு ரோடாக இருக்கலாம், காட்டுமாடுகள் நடந்து நடந்து விழுந்த தடமாகவும் இருக்கலாம். பேரிஜம் காப்புக்காட்டுக்குள் இருக்கிறது. வனத்துறையின் அனுமதியோடு, அவர்கள் விடும் நேரத்தில், அவர்கள் காட்டும் சாலையில் மட்டுமே போய்வர முடியும். 2013-இல் கொடைக்கானல் வனவுயிரினச் சரணாலயம் அறிவிக்கப்பட்டபோது இம்மலையில் 600 சதுர கிலோமீட்டருக்கும் மேல் அதற்குள் வந்துவிட்டது. அனுமதியின்றி உள்ளே போனால் 1972-ஆம் ஆண்டின் வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். பழைய மூணாறு சாலையோ போக்குவரத்துக்கு மூடப்பட்டு நெடுங்காலம் ஆகிறது. அதன் மறுமுனையில் கேரளத்தின் பாம்பாடும் சோலை தேசியப் பூங்கா இருக்கிறது.

இதைச் சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. 2018 மார்ச்சில் போடி குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மலையேற்றத்துக்கான ஒழுங்குமுறை விதிகளை அரசு அதே ஆண்டில் கொண்டுவந்தது அதன் பிறகுதான். அங்கே சரிவில் காய்ந்த புல் நின்றது. தீ வரும்போது ஓட எந்தப் பக்கம் வழி என்று தெரியவில்லை. ஜனவரியில் புல் அந்த அளவுக்குக் காய்ந்திருக்காது என்றாலும், ஒரு பாதையைப் பார்க்கும்போது, "இங்கே ஒருவன் விழுந்து கையை முறித்துக்கொண்டால் ஜீப் எதுவரை வரும்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் கிடைக்காத பாதைக்குப் புதியவர்களை அழைத்துப் போகாதீர்கள்.

மண்பாதைதான் வேண்டுமென்றால் பழனி மலைத்தொடரின் தாழ்ந்த பகுதியான கீழ்ப்பழனிக்கு வாருங்கள். கொடைக்கானல் மலைச்சாலையில் ஊத்து என்னும் இடத்தில் திரும்பினால் பண்ணைக்காடு, அதற்கு அப்பால் தாண்டிக்குடி. தாண்டிக்குடியிலிருந்து பெரும்பாறை, சித்தரேவு வழியாக வத்தலக்குண்டுக்கு இறங்க இன்னொரு சாலை இருக்கிறது. ஆக, எங்கே மாட்டிக்கொண்டாலும் ஏதாவது ஒரு பக்கம் வண்டிச்சாலை உண்டு. இடையில் காப்பித் தோட்டங்களின் ஜீப் பாதைகள் ஏராளம். அவை தனியார் நிலம் என்பதால் உரிமையாளரிடமோ கணக்குப்பிள்ளையிடமோ முன்கூட்டியே கேட்டாக வேண்டும். கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். கேளாமல் வந்தவர்களைத்தான் நாங்கள் மறக்க மாட்டோம். ஜனவரி எங்களுக்குப் பழம் பறிக்கும் காலம். பாதையின் குறுக்கே ஏணி கிடக்கும், வளைவுக்கு அப்பால் கூடையோடு ஆட்கள் நிற்பார்கள், களத்தில் காப்பி காய்ந்துகொண்டிருக்கும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு குழு எங்கள் களத்தின் நடுவே ஓட்டிக்கொண்டு போனது. டயர்த் தடத்தை அழித்துக் காப்பியைத் திரும்பப் பரப்புவதற்குப் பெண்களுக்கு அரை நாள் போயிற்று.

யானை நடமாட்டத்தைப் பற்றி அன்று காலையில் ஊரில் விசாரியுங்கள், முந்தின நாள் செய்தியை நம்பாதீர்கள். காட்டுமாட்டைப் பொறுத்தவரை, நடந்து வருபவனை அது தூரத்திலேயே கேட்டுவிடும். சைக்கிளோ சத்தமில்லாமல் இறங்கி, வளைவு திரும்பியதும் அதன் மூக்குக்கு முன்னால் போய் நிற்கிறது. ஆகவே எல்லாச் சைக்கிளிலும் ஒரு மணி கட்டச் சொல்லுங்கள். விலையுயர்ந்த சைக்கிள் வைத்திருப்பவர்கள் மணி கட்டக் கூச்சப்படுவது ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பதில் 2 – பின்வரிசை

அனுமதி பற்றி மேலே உள்ளவர் சொன்னதற்கு மேல் நான் சேர்க்க ஒன்றுமில்லை. நீலகிரியில் கோத்தகிரிப் பக்கத் தேயிலைத் தோட்டப் பாதைகளில் சில ஆண்டுகள் குழுக்களை அழைத்துப் போனவன் என்ற முறையில், ஆட்களைப் பற்றி எழுதுகிறேன்.

11 பேர் ஒரே வரிசையாகப் போனால் அது குழுவாக இருக்காது, ஊர்வலமாகிவிடும். ஐந்தும் ஆறுமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர் என்று வையுங்கள். உங்களில் நிதானமும் கைத்திறனும் மிக்கவர் கடைசியில் வரவேண்டும். கருவிப்பையும் முதலுதவிப்பையும் அவரிடம்தான் இருக்க வேண்டும். எது கெட்டாலும், யார் விழுந்தாலும் அவர் அங்கே வந்து சேர்ந்துவிடுவார். முன்னால் போனவரிடம் பை இருந்தால் அவர் மேட்டில் திரும்ப ஏறி வரவேண்டியிருக்கும்.

உங்களுக்குச் சென்ற ஆண்டு நேர்ந்ததைத் தவிர்க்க ஒரே ஒரு விதி போதும். பாதை பிரியும் எந்த இடத்திலும் முன்னால் போகிறவர் நிற்க வேண்டும். கடைசி ஆளைக் கண்ணால் பார்த்த பிறகே நகர வேண்டும். "அவர்களுக்கு வழி தெரியும்", "குரல் கேட்டது" என்பதெல்லாம் கணக்கில் சேராது. அப்படி நிற்கும்போது, கடைசியாக வந்தவர் மூச்சு வாங்கித் தண்ணீர் குடித்து முடிக்கும் முன் கிளம்பிவிடாதீர்கள். முன்னால் வந்தவர்களுக்குப் பத்து நிமிட ஓய்வும், அதிகம் களைத்தவருக்கு ஓய்வே இல்லாமலும் போவது எல்லாக் குழுக்களிலும் நடக்கிறது. உங்கள் 54 வயது நண்பர் இதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்.

நேரக் கணக்கைத் தார்ச்சாலைப் பழக்கத்தில் போடாதீர்கள். ஏற்ற இறக்கமுள்ள மண்பாதையில் கலவையான ஒரு குழு மணிக்கு 6 முதல் 8 கிலோமீட்டர் போனால் நல்ல வேகம். 24 கிலோமீட்டருக்கு ஓட்டம் மட்டுமே நான்கு மணி நேரம் ஆகிவிடும்; இரண்டு பஞ்சர், சாப்பாடு, ஒருவர் விழுந்து எழுவது எல்லாம் சேர்ந்தால் ஆறரை. ஜனவரியில் ஆறேகால் வாக்கில் சூரியன் மறையும், பள்ளத்தாக்கில் அதற்கு முன்பே இருட்டத் தொடங்கும். மதியம் ஒரு மணிக்குள் பாதித் தூரம் கடக்கவில்லையென்றால் வந்த வழியே திரும்புவது என்று கிளம்பும் முன்பே எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிடுங்கள். களைத்த பிறகு அதை விவாதித்தால் எப்போதும் ஆசைதான் ஜெயிக்கும்.

தார்ச்சாலைக்காரர்கள் நால்வரையும் முதல் நாள் காலையில் சாதாரணச் சரிவொன்றில் அரை மணி நேரம் பழக்குங்கள். இருக்கையை இறக்கி, பெடல் இரண்டையும் சமமாக வைத்து எழுந்து நின்று, முழங்கையை விரித்து, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளுவது அவர்களுக்குப் பயமாக இருக்கும். ஆனால் உட்கார்ந்தபடி இறங்குகிறவர்தான் முன்சக்கரத்துக்கு மேலே பறப்பார். வழுக்கும் சரிவு வந்தால் நீங்களே முதலில் இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடங்கள். பைன் மரத்து ஊசியிலைகள் படுக்கையாகக் கிடக்கும் இடம், காலையில் உறைபனி உருகிய புல், சோலை ஓரத்து ஈரவேர் எல்லாம் அப்படிப்பட்டவை. வழிநடத்துபவர் நடந்துவிட்டால் மற்றவர்களுக்கு நடக்கும் வெட்கம் போய்விடும். நான் ஓட்டிக் காட்டிய ஒரு சரிவில் எனக்குப் பின்னால் வந்த ஒரு கல்லூரி மாணவருக்குக் காறையெலும்பு முறிந்தது. அந்தச் சரிவை நான் ஓட்டியிருக்க வேண்டிய தேவையே இல்லை.

பதில் 3 – சங்கிலிப்பல்

நான் திண்டுக்கல்லில் சைக்கிள் பழுதுபார்ப்பவன். கருவிகளைப் பற்றி மட்டும்.

எல்லோரும் பஞ்சர் பசை கொண்டுவருவார்கள். டீரெயிலர் ஹேங்கரை யாரும் கொண்டுவர மாட்டார்கள். பின்கியர் தொங்கும் அந்தச் சிறு அலுமினியத் துண்டு, சைக்கிள் வலப்பக்கம் விழுந்தால் தான் வளைந்து சட்டத்தைக் காப்பாற்றுவதற்காகவே மென்மையாகச் செய்யப்பட்டது. மாடலுக்கு மாடல் வடிவம் மாறும் என்பதால் ஒருவருடையது மற்றவருக்குச் சேராது. 11 பேரும் அவரவருக்கு ஒன்று வாங்கியாக வேண்டும். அது முறிந்தால் சங்கிலியைச் சுருக்கி ஒரே கியரில் ஓட்டலாம். அதற்குச் சங்கிலி அறுக்கும் கருவியும், 9, 10, 11, 12 என உங்கள் கியர் எண்ணிக்கைக்குப் பொருந்தும் இணைப்புக் கண்ணியும் வேண்டும். டியூபிலும் 26, 27.5, 29 அங்குலம் என அளவு வேறு, வால்வு வேறு. யாரிடம் எது இருக்கிறது என்று இப்போதே ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்.

காற்றின் விஷயத்தில் சாலைக்காரர்கள் கல்லுப் போல அடித்துக்கொண்டு வருவார்கள். டியூப் போட்ட 2.2 அங்குல டயருக்கு, 70 கிலோ எடையுள்ளவர் காற்றழுத்தம் 28 முதல் 32 பி.எஸ்.ஐ. வைத்தால் மண்ணில் பிடிமானம் கிடைக்கும். அதற்கும் மிகக் குறைத்தால் கல்லில் ரிம் இடித்து டியூபில் அக்கம்பக்கமாக இரண்டு ஓட்டை விழும். டயரின் பக்கவாட்டே கிழிந்தால் உள்ளே வைக்கப் பழைய டயர்த் துண்டு ஒன்றைக் கையளவு வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள்.

பிரேக்கை நீண்ட இறக்கத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டே வரக்கூடாது. போன மாதம் பெருமாள்மலையிலிருந்து இறங்கிய ஒருவர் தம் சைக்கிளைக் கடைக்குக் கொண்டுவந்தார். டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பின் பிரேக் பேடு இரண்டும் கண்ணாடி போல மினுமினுத்தன, டிஸ்க் நீலம் பாய்ந்திருந்தது, நெம்புகோல் கைப்பிடியைத் தொடும்வரை வந்தது. வேகத்தை அழுத்தமாகக் குறைத்து, விட்டு, மறுபடி குறைத்து இறங்கினால் சூடு ஆறுவதற்கு இடைவெளி கிடைக்கும். ஆளுக்கு ஒரு ஜோடி பேடு கூடுதலாக இருக்கட்டும்.

வைகைக்கரை

மூவருக்கும் நன்றி. பேரிஜம் திட்டத்தைக் கைவிட்டுவிட்டோம். முதல் நாள் பூம்பாறை, மன்னவனூர் வரை ஊர்ச்சாலையில் ஓட்டி, சைக்கிள்களை வேனில் ஏற்றிப் பண்ணைக்காடு வந்து தங்குவது. மறுநாள் தாண்டிக்குடிப் பக்கத் தோட்டப் பாதைகளில் 18 கிலோமீட்டர் மட்டும் ஓட்டிப் பெரும்பாறையில் முடிப்பது என்று மாற்றியிருக்கிறோம். வேனுக்குக் கொடைக்கானல் இ-பாஸ் எடுத்தாயிற்று. தாண்டிக்குடி ஐயா, உங்கள் தோட்டத்துக் கணக்குப்பிள்ளையிடம் அனுமதி கேட்க அடுத்த ஞாயிறு நானே நேரில் வருகிறேன். களம் எங்கே இருக்கிறது என்பதையும் அப்போதே பார்த்துவைத்துக்கொள்கிறேன். என் 54 வயது நண்பரிடம் பின்வரிசையில் வந்து கருவிப்பையைச் சுமக்க முடியுமா என்று கேட்டேன். அவர் முன்பு மில்லில் ஃபிட்டராக வேலை பார்த்தவராம். இத்தனை ஞாயிறுகளில் அது எங்களுக்குத் தெரியவே தெரியாது.

தாண்டிக்குடி காப்பித்தோட்டம்

வாருங்கள் தம்பி. பத்து மணிக்குள் வந்தால் கணக்குப்பிள்ளை இருப்பார். மணி கட்டிய சைக்கிளிலேயே வாருங்கள்.